தேம்ஸ் நதிக்கரையில் ஒரு பழைய மாளிகை

இலண்டன் மாநகருக்குச் செல்லும் நம்மவர் கோபுரப் பாலத்தையும் மெழுகுப் பொம்மைச் சாலையையும் பார்த்துவிட்டு, ஈலிங்கிலோ விம்பிள்டனிலோ உள்ள கோவிலில் ஓர் அருச்சனையும் செய்துகொண்டு, பெட்டி நிறையச் சொக்கலேற்றுடன் ஊர் திரும்புவது வழக்கம். நாமும் அவ்வழக்கத்துக்கு விலக்கானவரல்லர். ஆயினும் 2019ஆம் ஆண்டு மே மாதத்தில் மகள் வீட்டிலே தங்கியிருந்தபோது, சுற்றுலாக்காரர் அதிகம் எட்டிப் பாராத ஓரிடத்துக்கு ஒரு நாள் சென்று வந்தோம். அங்கே போக வேண்டுமென்ற எண்ணம் நமது நெஞ்சிற் பல ஆண்டுகளாகக் கிடந்தது. அதன் காரணத்தை மகளிடங்கூட முழுவதுஞ் சொல்லவில்லை. நேயர்களுக்குச் சொல்லுகின்றோம்.

நியூ மோல்டனிற் புகையிரதம் ஏறினால் நோர்பிட்டன், அடுத்து கிங்ஸ்டன், அதற்கப்பால் தேம்ஸ் நதி. பாலத்தின் மீது வண்டி செல்லும்போது கீழே அன்னங்களும் சிறு படகுகளும் தெரிகின்றன. நதியைத் தாண்டியதும் ஹம்டன் விக் என்னும் சிறிய நிலையம். அங்கே இறங்கி டெடிங்டன் பக்கமாகச் சிறிது தூரம் நடந்தால், நோர்மன்ஸ்பீல்ட் என்று பெயர்பெற்ற பழைய மாளிகையை அடையலாம்.

நடக்கத் தொடங்குமுன், வழியிலிருந்த ஒரு சிறு தேநீர்க் கடையில் நுழைந்தோம். பரிமாறிய பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கலாம். சரிந்த கண்கள், தட்டையான மூக்கு, குறுகிய விரல்கள். பார்த்த கணத்திலேயே நமக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அம்முகத்தை நாம் சிறுவயது முதலே அறிவோம். பணத்தை நீட்டினோம். அவள் வாங்கவில்லை. "வரிசை அந்தப் பக்கம்" என்று விரலாற் சுட்டிக் காட்டினாள். நாம் தவறான பக்கத்தில் நின்றிருந்தோம்! வரிசைக்குப் போய் மறுபடி வந்தபின்னரே தேநீர் கிடைத்தது. மீதிச் சில்லறையை இரண்டு தரம் எண்ணித் தந்தாள், முகத்திற் சிரிப்பில்லை. டவுண் நிலையுடன் பிறந்தோர் எந்நேரமும் சிரித்துக்கொண்டேயிருக்கும் குழந்தைகள் என்று கனிவோடு எழுதுவோர் பலருண்டு. அக்கனிவும் ஒருவகைத் தவறே. அவர்களுக்கும் நம்மைப் போலவே கோபம் வரும், சலிப்பு வரும், வேலை மிகுந்த காலை நேரத்தில் வரிசை தப்பி நிற்கும் கிழவர் மீது எரிச்சலும் வரும்.

இனி மாளிகையின் கதை. ஜோன் லாங்டன் டவுண் என்பவர் 1828இல் இங்கிலாந்தின் கோர்ண்வால் மாகாணத்தில் டோபோயின்ற் என்னும் ஊரிற் பிறந்தவர். இலண்டனில் வைத்தியக் கல்வியிற் சிறந்து தேறிய அவர், பெரிய மனிதருக்கு வைத்தியஞ் செய்து பொருளீட்டியிருக்கலாம். அவ்வாறு செய்யாது, 1858இல் சறே மாகாணத்து ஏர்ள்ஸ்வூட் என்னுமிடத்தில், அறிவு வளர்ச்சி குன்றியோருக்கென இருந்த பெரிய விடுதிக்கு வைத்திய அத்தியட்சராகச் சென்றார். 10 ஆண்டுகள் அங்கே பணிபுரிந்தபின், 1868இல் தம் மனைவி மேரியுடன் இந்நதிக்கரையிலே சொந்தமாக ஓர் இல்லம் நிறுவினார். நோர்மன் வில்கின்சன் என்ற நண்பரின் பெயரால் அதற்கு நோர்மன்ஸ்பீல்ட் என்று பெயரிட்டார்.

ஏர்ள்ஸ்வூட்டில் இருந்த காலத்தில், 1866இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். விடுதியிலிருந்தோருட் சிலர், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளைப் போலத் தம்முள் ஒத்த முகச்சாயல் உடையவராயிருப்பதை அவர் கண்டார். அதுவரை எல்லோரையும் ஒரே சொல்லால் ஒதுக்கிவைத்த உலகில், இவர்களைத் தனியாகப் பிரித்து விரிவாக வருணித்தவர் அவரே. அவர்களுக்கு நகைச்சுவை உண்டு, பிறரைப் போல நடித்துக்காட்டும் ஆற்றல் உண்டு, பயிற்சி கொடுத்தால் முன்னேறுவர் என்றும் எழுதினார். இவ்வளவும் சரி. ஆனால் அக்கண்களின் சாய்வைப் பார்த்து, இவர்கள் மொங்கோலிய இனத்தாரைப் போல மாறிப் பிறந்தவர்கள் என்று கருதி அப்பெயரையே சூட்டிவிட்டார். பெற்றோரின் சயரோகம் காரணமாயிருக்கலாம் என்றும் எண்ணினார். இரண்டும் பிழை. ஓர் இனத்தாரின் பெற்றோருக்கு வேறோர் இனச் சாயலில் பிள்ளை பிறக்குமாயின், மனித குலம் முழுவதும் ஒன்றே என்பதற்கு அது சான்று என அவர் வாதித்தார் என்பதையும் மறைக்கலாகாது. அடிமை வியாபாரத்தை நியாயப்படுத்த இனங்களெல்லாம் வெவ்வேறு பிறவி என்று சிலர் பேசிய காலம் அது. நல்ல முடிவுக்குப் பிழையான வழியிற் போனார் என்பது நமது எண்ணம். முடிவு மறக்கப்பட்டது, பிழையான பெயர் மாத்திரம் நூறாண்டு நிலைத்தது.

அந்தப் பெயரை நாம் முதன்முதற் கேட்டது யாழ்ப்பாணத்தில்.

வடமராட்சியிலுள்ள நமது வீட்டில் 1955ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் ஒரு தங்கை பிறந்தாள். வீட்டில் அவளைக் குஞ்சு என்றே அழைப்போம். அவ்வாண்டு ஜூன் 20ஆந் திகதி இலங்கையிலே சூரிய கிரகணம் நிகழ்ந்தது. பொலன்னறுவைப் பக்கத்தில் அது பூரண கிரகணமாகையால், பிற நாட்டு விஞ்ஞானிகள் கருவிகளோடு வந்து முகாமிட்டிருந்தனர். நமது வீட்டிலோ, கருவுற்றிருந்த அம்மா கிரகண வேளையில் அடுக்களைக்குள் மாங்காய் நறுக்கினார் என்று ஆச்சி கண்டதாகச் சொன்னார். பிள்ளையின் முகத்தைப் பார்த்தவுடன் ஆச்சி சொன்ன முதல் வார்த்தை அம்மாங்காயைப் பற்றியதே. அம்மா மறுக்கவில்லை. நறுக்கினாரோ இல்லையோ, நமக்குத் தெரியாது. அவர் 1991இற் காலமாகும்வரை கிரகண நாட்களில் ஒரு மூலையில் உட்கார்ந்து, தண்ணீருங் குடியாது கிடந்ததை மட்டும் அறிவோம்.

பட்டணத்து வைத்தியர் ஒருவர் குழந்தையைப் பார்த்து, லாங்டன் டவுண் சூட்டிய அதே பெயரைத் துண்டில் எழுதிக் கொடுத்தார். "பன்னிரண்டு வயசைத் தாண்டாது, இதுக்காகக் காசைச் செலவழியாதையுங்கோ" என்று அப்புவிடம் கூறினார். இதயத்திற் காதுக் குழாயை வைத்துப் பார்த்தாரா என்று நாம் பின்னாளிற் கேட்டபோது அப்புவுக்கு நினைவில்லை. அவ்வைத்தியரைத் தனியே குறைசொல்லிப் பயனில்லை. அக்காலத்துப் படிப்பு அவ்வளவே.

ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. செய்திதான் நமது ஒழுங்கைக்கு வரவில்லை. தங்கைக்கு மூன்று வயது நிரம்பிய சமயத்தில், அதாவது 1959 ஜனவரியில், பாரிஸ் நகரத்தில் லெஜூன், மார்த் கோத்தியே, துர்ப்பன் என்னும் மூவர் இந்நிலையின் காரணத்தை வெளியிட்டனர். மனித உயிரணு ஒவ்வொன்றிலும் பொதுவாக 46 நிறமூர்த்தங்கள் உள்ளன. இவர்களிடம் 47 இருந்தன. 21ஆவது சோடியோடு ஒன்று மிகையாகச் சேர்ந்திருந்தது, அவ்வளவே. இப்பிழை பெரும்பாலும் தாயின் கருமுட்டை உருவாகும்போதே நேர்ந்துவிடுகின்றது. அதாவது கருத்தரிப்பதற்கு முன்னரே. ஜூன் மாதத்துக் கிரகணமும் மாங்காயும் அதன்பின் வந்தவை. இதை ஆச்சிக்குச் சொல்ல அன்று ஒருவருமில்லை. அம்மாவுக்குச் சொல்லியிருக்கலாம். நமக்கே தெரியவந்தபோது அம்மா இல்லை.

தாயின் வயது ஏற ஏற இது நேரும் வாய்ப்பும் ஏறுகின்றது என்பதை 1933இலேயே பென்றோஸ் என்ற ஆங்கில விஞ்ஞானி கணக்கிட்டுக் காட்டினார். 20 வயதுத் தாய்க்கு ஏறத்தாழ 1500இல் ஒன்று. 40 வயதில் ஏறத்தாழ 100இல் ஒன்று. அப்படியாயின் வயதான தாய்மாருக்குத்தான் இப்பிள்ளைகள் பிறக்கும் என்று சிலர் முடிவுகட்டுவர். அதுவுந் தவறு. இளந்தாய்மாரே மிகுதியாகப் பிள்ளை பெறுவதால், இக்குழந்தைகளிலும் பெரும்பாலோர் இளந்தாய்மாருக்கே பிறக்கின்றனர்.

நோர்மன்ஸ்பீல்டுக்கு வருவோம். நாம் சென்ற நாளில் பிரதான மாளிகை தனியார் குடியிருப்புகளாக மாறியிருந்தது. நாடக மண்டபமும் அதனைச் சார்ந்த பகுதியும் மாத்திரம் பழைய நோக்கத்தோடு தொடர்புடையனவாக எஞ்சியிருந்தன. அங்கேதான் டவுண் நிலையுடையோருக்கான சங்கத்தின் அலுவலகமும் ஒரு சிறிய நூதனசாலையும் இருந்தன. இச்சங்கத்தை 1970இற் தொடக்கியவர் றெக்ஸ் பிறிங்க்வேர்த் என்பவர். அவருடைய மகள் இந்நிலையோடு பிறந்தவள். வைத்தியர் கைவிரித்ததும் தாமே பயிற்சி முறைகளை வகுத்து, மற்றப் பெற்றோருக்கும் சொல்லிக்கொடுத்தார்.

நாடக மண்டபம் 1879இற் கட்டப்பட்டது. கதவைத் திறந்ததும் வியந்து நின்றோம். பொன்வண்ணமும் பச்சையும் மிளிரும் மேடை முகப்பு; பறவைகளும் பூங்கொடிகளும் தீட்டிய பலகைகள்; ஒன்றன்பின் ஒன்றாக நழுவி வரும் பழைய காட்சித் திரைகள். விக்டோரியா மகாராணியார் காலத்துத் திரைகள் இவ்வளவு தொகையாக வேறெங்கும் பிழைத்திருத்தல் அரிதாம். நம்மூர்க் கொட்டகையிலே காடும் அரசவையும் தெருவும் எழுதிய சீலைத் திரைகளைப் பார்த்து வளர்ந்த கண்களுக்கு அது அந்நியமாகவே தோன்றவில்லை. இவ்வளவும் யாருக்காக? உலகம் பயனற்றவர் என்று தள்ளிய பிள்ளைகளுக்காக. பாட்டும் கூத்தும் அவர்களுக்கு வீண் செலவு என்று டவுண் தம்பதியர் கருதவில்லை.

நூதனசாலையில் எல்லோர் கண்ணையும் முதலில் இழுப்பது ஒரு கப்பல். ஏறத்தாழ பத்தடி நீளம். 'கிறேற் ஈஸ்ற்றேன்' என்னும் புகழ்பெற்ற நீராவிக் கப்பலின் மாதிரி. ஏர்ள்ஸ்வூட் விடுதியில் வாழ்ந்த ஜேம்ஸ் ஹென்றி புலன் என்பவர் 7 ஆண்டுகள் உழைத்து, ஆணி முதற்கொண்டு தம் கையாலேயே செய்தது. புலன் டவுண் நிலையுடையவரல்லர். செவிப்புலன் குறைந்து, பேச்சுந் திருந்தாதவர். அக்காரணத்தால் அறிவிலி என்ற பட்டத்தோடு ஆயுள் முழுதும் விடுதியிற் கிடந்தார். அக்கப்பலின் முன் நின்று, பட்டம் கொடுத்தவருக்கு ஒரு மரப்பலகையையும் உளியையும் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டோம்.

ஆனால் நமது கால்கள் நின்றுபோன இடம் வேறு. லாங்டன் டவுண் புகைப்படக் கலையிலும் ஈடுபாடுடையவர். அக்கலை புதிதாயிருந்த 1860ஆம் ஆண்டுகளில், தம் விடுதியிலிருந்தோரை இருநூறுக்கு மேற்பட்ட படங்களாக எடுத்து வைத்தார். அப்படங்களுட் சிலவற்றின் பிரதிகளைக் கண்டோம். கைதிகளைப் போல நிறுத்தி எடுத்தவை அல்ல. ஒரு பெண் மடிப்புக் கலையாத பட்டுடை அணிந்து, கழுத்திற் சங்கிலியோடு நாற்காலியில் அமர்ந்திருந்தாள். தலை வகிடெடுத்து வாரப்பட்டிருந்தது. கண்களின் சாய்வும் உதட்டின் பிதுக்கமும் குஞ்சுவையே ஒத்திருந்தன. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட பெண்ணுக்குப் படம் இருந்தது. நமது தங்கைக்கு ஒரு படமும் இல்லை.

எடுக்க வசதி இல்லாமலில்லை. 1973இல் அக்காவின் கலியாணத்துக்குப் பட்டணத்திலிருந்து படம்பிடிப்பவர் வந்தார். சுற்றத்தார் யாவரும் படத்தில் உள்ளனர். பால் கொண்டுவருபவர்கூட ஓர் ஓரத்தில் நிற்கின்றார். தங்கை இல்லை. அதற்கு முந்திய மாதம் மாப்பிள்ளை வீட்டார் பெண்பார்க்க வந்தபோதும் அவள் இல்லை. "இப்பிடி ஒரு பிள்ளை இருக்கெண்டு தெரிஞ்சால் இரத்தத்திலை இருக்கு எண்டு விட்டிட்டுப் போயிடுவினம்" என்று பெரியம்மா சொன்னார். அவளைப் பின்வேலிப் பொட்டு வழியாக மாமி வீட்டுக்கு அனுப்புவதென முடிவாயிற்று. கையைப் பிடித்துக் கூட்டிச் சென்றவர் நாமே. நமக்கு வயது 21. பல்கலைக்கழகத்திற் படித்துக்கொண்டிருந்தோம். வேலியால் குனிந்து போகும்போது அவள் கேட்டாள்:

"அண்ணை, எனக்கும் பலகாரம் வைப்பினமோ?"

வைப்பார்கள் என்று சொன்னோம். கலியாணத்தன்றும் அதே பொட்டு, அதே பதில்.

இரத்தத்தில் இருக்கின்றது என்ற அச்சத்துக்கு ஆதாரம் மிகச் சிறிது. இந்நிலையுடையோர் நூற்றுவரில் ஏறத்தாழ 95 பேருக்கு மிகை நிறமூர்த்தம் தற்செயலாக நேர்ந்த ஒன்று, பரம்பரை அன்று. மூன்று நான்கு பேருக்கு மாத்திரம் நிறமூர்த்தத் துண்டொன்று இடம்மாறி ஒட்டியிருக்கும். அவர்களுள்ளும் ஒரு பகுதியினரே அதனைப் பெற்றோரிடமிருந்து பெற்றவர்கள். அக்காவுக்குப் பிள்ளைகள் நால்வர். நால்வரும் நலம்.

நூதனசாலையில் அறிந்த மற்றொரு செய்தி நம்மைத் திடுக்கிட வைத்தது. லாங்டன் டவுண் 1896இற் காலமான பின்னர், இல்லத்தை அவருடைய புதல்வர்கள் றெஜினால்டும் பேர்சிவலும் நடத்தினர். 1905இல் றெஜினால்டுக்கு ஓர் ஆண்குழந்தை பிறந்தது. பாட்டனாரின் பெயரையே ஜோன் என்று வைத்தனர். பாட்டனார் எந்நிலையை வருணித்தாரோ, அந்நிலையோடு பிறந்த பேரன் அவன்! அக்குடும்பத்தில் எவரும் வேலிப் பொட்டைத் தேடவில்லை. ஜோன் நோர்மன்ஸ்பீல்டிலேயே வளர்ந்து, 1970 வரை வாழ்ந்தார். அறுபது வயதையும் தாண்டினார். பன்னிரண்டு வயது என்று அப்புவுக்குச் சொல்லப்பட்டபோது, அவர் ஐம்பது வயதினராய் இத்தோட்டத்தில் உலாவிக்கொண்டிருந்திருப்பார்.

பெயரும் மாறியது. 1961இல் விஞ்ஞானிகள் 19 பேர் 'லான்செற்' என்னும் வைத்திய சஞ்சிகைக்குக் கடிதமெழுதி, இனப்பெயரைக் கைவிடுமாறு கேட்டனர். ஒப்பமிட்டவர்களுள் டவுணின் மற்றொரு பேரனும் ஒருவர். 1965இல் மொங்கோலிய நாட்டுப் பிரதிநிதிகள் கேட்டுக்கொண்டபடி உலக சுகாதார நிறுவனமும் அப்பெயரை விலக்கியது. நமது வீட்டிலிருந்த வைத்தியர் துண்டு மட்டும் மாறவில்லை.

நோர்மன்ஸ்பீல்டைச் சொர்க்கமென்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. 1951இல் அது அரசாங்கச் சுகாதார சேவையின் கீழ் வந்தது. பிற்காலத்தில் நிருவாகம் சீர்குலைந்து, 1976 மே மாதத்தில் தாதியர் வேலைநிறுத்தஞ் செய்யுமளவுக்குப் போயிற்று. 1978இல் வெளியான விசாரணை அறிக்கை அங்கிருந்த அவலங்களைப் பகிரங்கப்படுத்தியது. 1997இல் வைத்தியசாலை மூடப்பட்டது. எவ்வளவு அழகிய மாளிகையாயினும், மனிதரைத் திரளாக உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவது நல்வாழ்வாகாது என்பதை அந்நாடு தாமதமாகவே கற்றது. அங்கேகூட இத்தகைய பிள்ளைகள் கல்வி கற்க இயலாதோர் என்ற விதி 1970ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே நீங்கியது. அதற்கு முன்னரே, 1967இல் நைஜல் ஹன்ற் என்னும் டவுண் நிலையுடைய இளைஞர் தமது சரிதையைத் தாமே தட்டச்சிற் பொறித்து நூலாக வெளியிட்டிருந்தார். எழுத்தறிவித்தவர் அவருடைய தாயார். அவ்வாண்டு நமது தங்கைக்குப் பன்னிரண்டு வயது நிரம்பியது. பாடசாலை வாசலில் "பிள்ளைக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம்" என்ற பதிலோடு திரும்பிவந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவள் சும்மா இருக்கவில்லை. ஆச்சியிடமிருந்து பனையோலைப் பெட்டி இழைக்கக் கற்றாள். மாங்காய்க் கதை சொன்ன அதே ஆச்சிதான் பொறுமையாய்க் கற்றுக்கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். மாலையிற் கோழிகளைக் கூட்டுக்குள் அடைப்பது அவள் வேலை. எண்ணத் தெரியாது. ஒவ்வொரு கோழியையும் பேர் சொல்லி அழைப்பாள். ஒன்று வரவில்லையென்றால் வேலியோரமெல்லாம் தேடிக் கண்டுபிடிக்காமற் சோறு தின்னமாட்டாள். ஒன்றுந் தெரியாத பிள்ளை என்று ஊர் சொல்லிற்று. ஊரில் வேறெவருக்கும் தம் கோழிகளின் பேர் தெரியாது.

1975ஆம் ஆண்டு ஆவணியில், 19 வயதில் மூச்சுத்திணறி இறந்தாள். இக்குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இதயக் குறை உண்டு என்பதையும், சிறுவயதிலேயே சத்திரசிகிச்சையால் பெரும்பாலும் சீர்செய்யலாம் என்பதையும் இன்று வைத்தியர் யாவரும் அறிவர். வளர்ச்சியடைந்த நாடுகளில் இவர்களது சராசரி ஆயுள் இன்று அறுபதை எட்டியுள்ளது. அவளது உதடுகள் ஓடிவந்தால் நீலமாகும். குளிர் என்று நினைத்தோம். யாழ்ப்பாணத்தில் என்ன குளிர்?

மாலையில் அருகிலுள்ள புஷி பூங்காவுக்குப் போனோம். கிறிஸ்தோபர் றென் வகுத்த நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் பெரிய மரங்கள் வெண்பூக் கொத்துக்களை விளக்குப் போல ஏந்தி நின்றன. மான்கள் மனிதரைப் பொருட்படுத்தாமல் மேய்ந்தன. அங்கிருந்த வாங்கில் உட்கார்ந்து, கனடாவிலிருக்கும் அக்காவைத் தொலைபேசியில் அழைத்தோம். அங்கே காலை நேரம். கண்டவற்றைச் சொன்னோம். வேலிப் பொட்டைப் பற்றி நாம் இருவரும் அதற்குமுன் ஒருநாளும் பேசியதில்லை. அக்கா நெடுநேரம் பேசாதிருந்தார்.

"எனக்குத் தெரியும் தம்பி" என்றார் பிறகு. "மணவறையிலை இருக்கேக்கை வேலிப் பக்கம்தான் பாத்துக்கொண்டிருந்தனான். அவள்ரை பெட்டி ஒண்டு என்னட்டை இருக்கு. கொழும்புக்கும் கொண்டுபோனன், இங்கையும் கொண்டுவந்தனான்."

சற்று நேரத்தில் கைத்தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. உள்ளங்கை அளவான ஓலைப் பெட்டி. சிவப்புச் சாயமிட்ட ஓலை இடையிடையே ஓடுகின்றது. மூடி ஒரு பக்கம் சற்றே சரிந்திருக்கின்றது. உள்ளே திருநீற்றுப் பொட்டலமொன்றும், பிள்ளைகளின் விழுந்த பாற்பற்கள் நாலைந்தும் கிடந்தன.